பழகிவிடும் என்று சொல்லாதீர்கள்

முழுப் பல்செட் கட்டிக்கொண்டவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் வாயில் புண் என்று போனபோது கிடைத்த பதில் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "புதுச் செருப்பு மாதிரிதாங்க, போகப் போகப் பழகிடும்." ஒரு மாதம் கழித்துப் போனால், "உங்க ஈறு ரொம்பத் தேஞ்சு போச்சு, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது." மூன்றாம் முறை போனால், "இன்னும் நல்ல பல்லா போட்டிருக்கலாம்" என்றோ, "இம்ப்ளான்ட் வச்சாத்தான் சரியாகும்" என்றோ ஒரு பதில். நான்காம் முறை அவர்கள் போவதில்லை. பல்செட் எவர்சில்வர் டம்ளர் தண்ணீருக்குள் போய்விடுகிறது. கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வருகிறது.

பதில்கள் நான்கானாலும் கருத்து ஒன்றுதான். பல்செட் வலிப்பதற்கும் மெல்ல முடியாமல் போவதற்கும் காரணம் நோயாளியிடமே இருக்கிறது. அவருடைய பொறுமையில், ஈறில், அல்லது பணப்பையில். பல் மருத்துவர்களில் கணிசமானோர் இதை நம்புகிறார்கள். நோயாளிகள் மருத்துவர்களை விட உறுதியாக நம்புகிறார்கள். நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பல்செட் கட்டிவரும் பல் மருத்துவன். இந்தக் கருத்து தவறு என்று சொல்லவே எழுதுகிறேன். ஈறைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மேல் பற்களும் கீழ்ப் பற்களும் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த வரிசையில் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதே அது. எங்கள் தொழிலில் அதை 'பைட்' என்போம். தமிழில் கடி என்றே சொல்லலாம்.

என் அம்மாவின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். அவருக்கு எழுபத்தோரு வயதில் ஊரிலேயே ஓர் இடத்தில் பல்செட் கட்டினார்கள். நான் அப்போது தொலைவில் வேறு ஊரில் இருந்தேன். கீழ் செட் போட்ட நாலாம் நாள் முன்ஈறின் உட்பக்கம், நாக்கை ஒட்டிய இடத்தில் புண். போய்க் காட்டினார். புண் பட்ட இடத்துக்கு நேராகச் செட்டின் அடியைத் தேய்த்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பரவாயில்லை, மறுபடி அதே இடத்தில் புண். மறுபடி தேய்ப்பு. மூன்று முறை இப்படி நடந்தது. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது அவர் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தார். செட் எங்கே என்று கேட்டேன். "விடுப்பா, இந்த வயசுல இனி என்னத்த மெல்லப் போறேன்" என்றார்.

மறுநாள் செட்டைப் போடச் சொல்லி, இரண்டு பக்கமும் கார்பன் தாளை வைத்து மெல்லக் கடிக்கச் சொன்னேன். வலது கடைசிப் பல்லில் மட்டும் கரும்புள்ளி அழுத்தமாக விழுந்தது. இடது பக்கத்தில் அடையாளமே இல்லை. வாயை மூடும்போது அந்த ஒரு பல் முதலில் முட்டுகிறது. முட்டிய இடத்திலிருந்து கீழ் செட் முன்னால் வழுக்கிப் போய், அதன் பிறகுதான் மற்றப் பற்கள் சேர்கின்றன. அப்படி வழுக்கும் ஒவ்வொரு தடவையும் செட்டின் உள்விளிம்பு முன்ஈறின் பின்பக்கத்தில் உரசுகிறது. புண் முன்னால் இருந்தது, அதன் காரணமோ கடைவாயில் இருந்தது. இரண்டு நாள் செட்டைப் போடாமல் ஈறை ஆற விட்டு, தாடைகள் சேரும் நிலையைப் புதிதாகப் பதிவெடுத்து, செட்டை ஆர்டிகுலேட்டர் என்ற, தாடை அசைவைப் போலச் செய்யும் கருவியில் ஏற்றி, பற்களின் மேற்பரப்பில் மட்டும் ஒரு மணி நேரம் தேய்த்தேன். புண்ணுக்கு நேரான இடத்தை நான் தொடவே இல்லை. ஒரு வாரத்தில் புண் ஆறியது. தைப்பூசத்துக்குள் அம்மா கீரைப் பொரியலும் தோசையும் மென்று சாப்பிட்டார். அவருடைய ஈறு அதே ஈறுதான். பற்களும் அதே விலைப் பற்கள்தான்.

இது ஒரு வீட்டுக் கதை, இதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சரி. கதையை விட்டுவிட்டு வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இயற்கைப் பல் எலும்புக்குள் நேரடியாக ஊன்றியிருப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்களில் அது தொங்குகிறது. கடிக்கும் விசையை அந்த நார்கள் வாங்கி எலும்புக்குப் பகிர்கின்றன. ஒரு தாடையில் உள்ள எல்லாப் பற்களின் வேர்களையும் சூழ்ந்த நார்ப்பரப்பு ஏறக்குறைய 45 சதுர சென்டிமீட்டர். பல் எல்லாம் போன பிறகு செட் உட்காரக் கிடைக்கும் ஈறுப் பரப்பு மேல் தாடையில் ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர், கீழ்த் தாடையில் வெறும் 12. அந்த ஈறும் சுமை தாங்குவதற்காக உண்டானதன்று. எலும்புக்கும் செட்டின் கடினமான அக்ரிலிக்குக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கும் மெல்லிய திசு அது. முன்பிருந்ததில் கால் பங்குப் பரப்பில், அதுவும் எதிலும் ஊன்றாமல், கீழ் செட் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஊன்றாத பொருளின் மேல் ஒரு பக்கமாக அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். சரிவில் அழுத்தினால் அது வழுக்கும். இயற்கைப் பற்களில் ஒன்று கொஞ்சம் உயர்ந்திருந்தால் அந்த ஒரு பல்தான் வலிக்கும். பல்செட்டில் பதினான்கு பற்களும் ஒரே பலகையில் இருப்பதால், ஒரு பல்லின் பிழை முழுச் செட்டையும் ஆட்டிவைக்கும். ஆடும் இடமெல்லாம் ஈறு உரசும். நாற்காலியின் ஒரு கால் நீண்டு அது ஆடினால் யாரும் தரையைச் சுரண்ட மாட்டார்கள், காலைத்தான் அறுப்பார்கள். பல்செட் விஷயத்தில் மட்டும் நாம் பல ஆண்டுகளாகத் தரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு வெளிப்படையான பிழை என்றால் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்கலாம். ஈறின் மென்மைதான் அதை மறைக்கிறது. ஒரு பல் முதலில் முட்டினாலும் ஈறு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது, செட் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறது, தாடையும் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறது. கடைசியில் எல்லாப் பற்களும் அழகாகச் சேர்ந்த மாதிரித் தோன்றும். நாற்காலியில் உட்காரவைத்து "கடிங்க" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தை விலக்கிப் பார்க்கும் மருத்துவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பற்கள் சேர்ந்த பிறகு எப்படி இருக்கின்றன என்பது மட்டும் போதாது. சேரும் அந்த நொடியில் எந்தப் பல் முதலில் தொட்டது என்பதுதான் கேள்வி. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செட்டை வாயிலிருந்து எடுத்து, தாடை நிலையின் புதிய பதிவோடு ஆர்டிகுலேட்டரில் ஏற்றிப் பார்த்தால், அமுங்கிக் கொடுக்க அங்கே ஈறு இல்லை. பிழை தானே வெளியே வந்துவிடும். ரீமவுண்ட் என்று இதைச் சொல்வோம். 2008இல் இந்தியப் பல் மருத்துவர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இப்படிக் கடியைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு அசௌகரியம் குறைந்ததைக் காட்டியது. பாடப்புத்தகங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் வேலைதான் இது. செய்பவர்கள்தான் குறைவு.

இனி அந்த நான்கு பதில்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பழகிவிடும் என்பது முதல் பதில். பழகும் விஷயங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. வாய் நிறைய ஏதோ இருக்கிறது என்ற உணர்வு பழகும். எச்சில் அதிகமாக ஊறுவது சில நாளில் அடங்கும். பேச்சு தெளிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். செட்டை அதன் இடத்திலேயே நிறுத்திக்கொள்ள நாக்கும் கன்னமும் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் புண் பழகாது. எச்சில் விழுங்கும்போதும் பற்கள் சேரக்கூடும், நாள் ஒன்றுக்கு நாம் பல நூறு முறை விழுங்குகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால், பிழையான கடி உணவு நேரத்தில் மட்டும் துன்புறுத்துவதில்லை, நாள் முழுக்க ஈறைத் தேய்க்கிறது.

பழகிவிட்டது என்று நோயாளிகள் சொல்லும்போது என்ன பழகியது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கறியை விட்டார்கள். பிறகு வேர்க்கடலையை, சுண்டலை, கொய்யாவை, முருங்கைக்காயை. பிறகு கீரையும் பச்சைக் காய்கறியும் குறைந்தன. இட்லி, குழைந்த சோறு, டீயில் நனைத்த பிஸ்கட் என்று தட்டு சுருங்கிவிட்டது. செட்டோடு அவர்கள் பழகவில்லை. பசிக்கும் ருசிக்கும் நடுவே தோற்றுப் பின்வாங்கிவிட்டார்கள். எழுபது வயதில் புரதமும் நார்ச்சத்தும் குறையும்படி ஒருவரைப் பின்வாங்க வைத்துவிட்டு, அதற்குப் பழக்கம் என்று பெயர் சூட்டுவது மருத்துவம் ஆகாது.

இரண்டாவது பதில், ஈறு தேய்ந்துவிட்டது. இதில் உண்மை இருக்கிறது. பல் போன பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். 25 ஆண்டுகள் வரை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து ஆன்ட்ஜே டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த் தாடையின் முன்பகுதி மேல் தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. கீழ் செட் ஏன் எப்போதும் பெரிய தொல்லை என்பதற்கு இதுவே விளக்கம். ஆனால் இந்த உண்மையிலிருந்து நம்மவர்கள் எடுக்கும் முடிவுதான் தலைகீழாக இருக்கிறது. ஈறின் வரப்பு உயரமாக இருந்தால் பக்கவாட்டில் தள்ளும் விசையைக் கொஞ்சம் தடுக்கும். வரப்பு கரைந்து தரைமட்டமாகிவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை. அப்படியானால் பக்கவாட்டு விசையே பிறக்காதபடி கடியை அமைப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும் அல்லவா? பற்களின் அகலத்தைக் குறைக்கலாம். பல்முனைகளின் உயரத்தைக் குறைக்கலாம். விசை வரப்பின் நடுவில் நேராக இறங்கும்படி பற்களை அடுக்கலாம். கீழ்த் தாடை பின்பக்கம் மேலேறும் சரிவில் கடைசிப் பல்லை வைக்காமல் விட்டுவிடலாம். அந்தச் சரிவில் பல் வைத்தால் ஒவ்வொரு கடியிலும் செட் முன்னால் சறுக்கும். தேய்ந்த ஈறு என்பது கடியை இன்னும் நுட்பமாக அமைப்பதற்கான காரணம். கையை விரித்துவிடுவதற்கான காரணமாக அதைச் சொல்லக்கூடாது.

மூன்றாவது பதில், நல்ல பல் போட்டிருக்கலாம். பல் கட்டப் போகும் வீடுகளில் முதல் கேள்வியே "எந்த கம்பெனிப் பல், எத்தனை வருஷம் வரும்" என்பதுதான். உயர்ந்த ரகப் பல் மெதுவாகத் தேயும், நிறம் மங்காது, பார்க்க இயல்பாக இருக்கும். அவ்வளவுதான். எங்கே சந்திக்க வேண்டும் என்பது பல்லுக்குத் தெரியாது. தாடைகளின் உயரத்தைக் கூட்டிப் பதிவெடுத்துவிட்டால், இறக்குமதிப் பல்லும் பேசும்போது டக் டக்கென்று முட்டும். தாடைத் தசைகள் ஓய்வே இல்லாமல் இழுபட்டு மாலையில் கன்னம் வலிக்கும். ஈறு முழுக்க எரியும். உயரத்தைக் குறைத்துவிட்டால் மூக்கும் மோவாயும் நெருங்கி முகம் ஒடுங்கும், உதட்டோரம் வெடிக்கும், கடியில் வலு இருக்காது. சும்மா இருக்கும்போது மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியை எந்தக் கம்பெனியும் பெட்டியில் வைத்து விற்பதில்லை.

விலையோடு சேர்ந்து வரும் இன்னொரு நம்பிக்கை பிடிப்பைப் பற்றியது. செட்டைப் பொருத்தியதும் இழுத்துப் பார்க்கிறார்கள். வராமல் பிடித்துக்கொண்டால் வேலை சுத்தம் என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து மகிழ்கிறார்கள். வாய் திறந்திருக்கும்போது இறுகப் பிடிக்கும் மேல் செட், சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் கழன்று விழுகிறது என்றால் குற்றம் பிடிப்பில் இல்லை, கடியில் இருக்கிறது. இதை எங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனாலும் அப்படி வருபவரிடம் நாங்கள் ஒட்டும் பவுடர் டப்பாவை நீட்டுகிறோம்.

நான்காவது பதில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட்கள் தாங்கும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கூறினார்கள். கீழ் செட்டின் அலைச்சலை அது வெகுவாகக் குறைக்கிறது. வசதி உள்ளவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் இம்ப்ளான்ட் செட்டைப் பிடித்து நிறுத்தும், கடியைத் திருத்தாது. கடிப்பிழையோடு செட்டை நிறுத்தினால், ஈறு வாங்கிய அடியை இணைப்புகளும் மேல் தாடையும் வாங்கும். இணைப்பு சீக்கிரம் தளரும். அதோடு, இரண்டு இம்ப்ளான்டுக்குப் பணம் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பதில் ஒரு கதவை அடைக்கிறது. பணம் இல்லையா, வலியோடு இரு என்பதுதான் அதன் பொருள். ஒரு கார்பன் தாளும் ஒரு மணி நேரமும் செலவிட்டால் தீரக்கூடிய தொல்லைக்கு அறுவைச் சிகிச்சையை ஒரே வழியாகக் காட்டுவது நேர்மையில்லை.

எங்கள் தொழிலுக்கு உள்ளேயே, கடியைப் பற்றி அக்கறையோடு பேசுபவர்கள் மத்தியிலும் ஒரு பிடிவாதம் உண்டு. அதையும் மறுத்தாக வேண்டும். முழுப் பல்செட்டுக்கு இருபுறச் சமநிலைக் கடி ஒன்றே சரி, மற்றதெல்லாம் குறுக்கு வழி என்பது அந்தப் பிடிவாதம். வலது பக்கம் மெல்லும்போது இடது பக்கப் பற்களும் தொட்டுக்கொண்டே இருந்து செட்டைச் சாயாமல் காக்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் தத்துவம். அமெரிக்காவில் ருடால்ஃப் ஹனாவ் என்ற பொறியாளர் 1926இல் இதற்கான ஐந்து அம்சங்களை வகுத்துக் கொடுத்தார். தாடை மூட்டின் சாய்வு, முன்பற்களின் சாய்வு, பல்தளத்தின் சாய்வு, பல்வரிசையின் வளைவு, பல்முனைகளின் உயரம் ஆகிய இந்த ஐந்தையும் ஒன்றுக்கொன்று இசைவிப்பது எப்படி என்று இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

அழகான கணக்கு அது. ஆனால் வலது கடைவாயில் ஒரு கவளம் இருக்கும்போது பற்களுக்கு நடுவே உணவு நிற்கிறது. இடது பக்கம் தொட வழியில்லை. உணவு மசிந்து மெலிந்த பிறகே அந்தச் சமநிலை வேலைக்கு வரும். விழுங்கும்போதும் சும்மா பல்லைத் தேய்க்கும்போதும் அது உதவும் என்பது உண்மை. அது இல்லாவிட்டால் மெல்லவே முடியாது என்பது உண்மையன்று. 2003இல் பெர்லின் ஆய்வாளர்கள் 22 பேரிடம் சமநிலைக் கடியையும், தாடை பக்கவாட்டில் நகரும்போது கோரைப்பற்கள் மட்டும் தொட்டு வழிகாட்டும் கடியையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவதில் கீழ் செட்டின் பிடிப்பு, மெல்லும் வசதி, தோற்றம் மூன்றிலும் திருப்தி கூடியிருந்தது. 2005இல் மொன்றியாலில் 122 பேரிடம் செய்த ஆய்வில், பல படிகள் கொண்ட மரபு முறையில் செய்த செட்டுக்கும் எளிமையாக்கிய முறையில் செய்த செட்டுக்கும் நோயாளிகளின் திருப்தியில் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, கடி எப்படி இருந்தாலும் ஒன்றுதான்" என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு என் மறுப்பு இன்னும் கடுமையானது. அந்த ஆய்வுகள் எல்லாமே, கடியைக் கவனமாக அமைத்துக் கொடுத்த செட்டுகளுக்கு இடையே நடந்த ஒப்பீடுகள். எளிய முறையிலும் தாடைகள் சேரும் நிலையைப் பதிவு செய்யாமல் பல் அடுக்க முடியாது. நல்ல கடிகளில் எது சிறந்தது என்று கேட்டதற்கு, பெரிய வித்தியாசமில்லை என்று விடை வந்தது. நல்ல கடிக்கும் பிழையான கடிக்கும் வித்தியாசமில்லை என்று அந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை.

மேலும், எல்லா வடிவமும் ஒன்று என்பதும் சரியில்லை. 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் 30 நோயாளிகளுக்கு ஆளுக்கு இரண்டு செட் செய்து கொடுத்தார்கள். ஒன்றில் பல்முனையே இல்லாத தட்டையான பற்கள். மற்றொன்றில், மேல் கடைவாய்ப் பல்லின் உள்முனை மட்டும் கீழ்ப் பல்லின் குழியில் இறங்கும் அமைப்பு. 67 சதவீதம் பேர் இரண்டாவதையே விரும்பினார்கள். மெல்ல எளிது, உறுத்தல் குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2007இல் பிரிட்டனில் சட்டனும் மெக்கார்டும் மூன்று வகைப் பற்களை ஒப்பிட்டபோதும், முனையுள்ள இரண்டு வகைகள் தட்டைப் பல்லை விடத் திருப்தி தந்தன. நம் பாட்டிகளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. உரலும் உலக்கையும் தெரிந்தவர்களுக்கு, குழியில் முனை இறங்கினால்தான் தானியம் உடையும் என்பது தெரியும். இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே வைத்த கீரை நசுங்கும், அறுபடாது. உலக்கை ஒன்றே ஒன்றாக இருந்து குழி அகலமாக இருப்பதால் பக்கவாட்டில் இடிப்பதும் குறைகிறது. ஈறு தேய்ந்தவர்களுக்கு நான் பெரும்பாலும் இந்த அமைப்பைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் அதை ஒரு மதமாக்க மாட்டேன். வடிவங்களைப் பற்றிய சண்டை நூறாண்டுகளாக நடக்கிறது. அந்தச் சண்டைக்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய அடிப்படை வேலையோ பாதி வாய்களில் நடக்காமலே போகிறது என்பது என் அனுபவம்.

அந்த அடிப்படை வேலை இதுதான். தாடை அதன் மூட்டில் வலியில்லாமல், இயல்பாகப் பின்னமர்ந்த நிலையில் இருக்கும்போது, இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் தொட வேண்டும். பல காலம் பல்லில்லாமல் இருந்தவர்கள் முன்ஈறால் மென்று மென்று தாடையை முன்னால் தள்ளும் பழக்கத்துக்கு வந்திருப்பார்கள். "கடிங்க" என்றால் முன்னால் தள்ளித்தான் கடிப்பார்கள். அவசரத்தில் அதையே பதிவெடுத்துவிட்டால், வீட்டுக்குப் போய் எச்சில் விழுங்கும்போது தாடை பின்னால் போகும், பல் எதுவும் பொருந்தாது. நாக்கை மேலண்ணத்தின் பின்பக்கம் மடிக்கச் சொல்லி, தசை தளரும் வரை காத்திருந்து, இரண்டு மூன்று முறை பதிவெடுத்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். பிறகு லேபில் மெழுகை உருக்கி அக்ரிலிக்கை வேகவைக்கும்போது அது சுருங்கும். ஃபிளாஸ்க் என்ற அச்சுப் பெட்டி முழுதாக மூடாவிட்டால் கடி உயர்ந்துவிடும். எவ்வளவு திறமையான டெக்னீஷியன் செய்தாலும் இந்தப் பிழை கொஞ்சமாவது வந்தே தீரும். எனவே செட் வெந்து வந்த பிறகு கடியைத் திருத்துவது மருத்துவர் செய்யும் கூடுதல் சலுகையாகாது. செய்முறையின் கடைசிப் படி அது.

இந்தப் படி ஏன் விடுபடுகிறது? பல்செட்டுக்குக் கிடைக்கும் கட்டணம் குறைவு, அதற்கு வேண்டிய நேரம் அதிகம். இரண்டே நாளில் பல்செட் என்று பலகை வைத்தால் கூட்டம் வருகிறது. இலவச முகாமில் ஒரே நாளில் பத்துப் பேருக்குப் பதிவெடுக்க வேண்டியிருக்கிறது. நோயாளியும் "சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க, பேத்தி கல்யாணம் வருது" என்கிறார். இவையெல்லாம் எனக்குப் புரிகிறது. நானும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் அவசரத்தால் வந்த பிழையை நோயாளியின் ஈறின் மேலும் வயதின் மேலும் ஏற்றுவதை ஏற்க முடியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் பல்செட் இயற்கைப் பல் ஆகாது. 1950இல் மான்லியும் பிரேலியும் வேர்க்கடலையை மெல்லச் சொல்லி, மென்றதைச் சல்லடையில் சலித்து, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து மெல்லும் திறனைக் கணக்கிட்டார்கள். 1964இல் கபூரும் சோமனும் பல்செட் அணிந்தவர்களைச் சோதித்தபோது, அவர்களுடைய மெல்லும் திறன் இயற்கைப் பல் உள்ளவர்களின் திறனில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. கடிக்கும் விசையும் கால் பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுதான். எனவே முறுக்கை முன்பல்லால் கடித்து உடைக்கலாம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கொய்யாவை நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். உணவைச் சின்னச் சின்னதாக, இரண்டு பக்கமும் பகிர்ந்து மெல்ல வேண்டும். ஆனால் கையில் இருப்பது ஆறில் ஒரு பங்குதான் என்றால், அதிலும் பாதியைப் பிழையான கடிக்குப் பறிகொடுப்பது எப்படி நியாயமாகும்? இருப்பது குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு துளியும் கணக்கில் வர வேண்டும்.

பல்செட் அணிபவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். தாடை நிலையைப் பதிவெடுக்கும் நாளில் அவசரப்படுத்தாதீர்கள், அந்த ஒரு நாள்தான் மற்ற நாட்களைத் தீர்மானிக்கிறது. பழைய செட் இருந்தால், அளவு எடுக்கும் முன் ஒரு நாளாவது கழற்றி வைத்து ஈறை ஓய விடுங்கள். புதுச் செட் வந்ததும் கண்ணை மூடி மெல்லக் கடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் தொடுகிறது, செட் வழுக்குகிறதா என்று கவனித்து அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். "வலிக்குது" என்பதை விட "வலது பக்கம் முதலில் முட்டுது" என்பது அவருக்கு நூறு மடங்கு உதவும். வீட்டில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை புண் வந்தால், அந்த இடத்தைத் தேய்க்கும் முன் கடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் நன்றாக இருந்த செட் தொந்தரவு தந்தால், பல் தேய்ந்து, ஈறு கரைந்து கடி மாறியிருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் கேட்பது ஒன்றுதான். புண்ணோடு திரும்பி வருபவரைப் பார்த்ததும் கை தானாகத் தேய்க்கும் கருவியை நோக்கிப் போகும். அதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு கார்பன் தாளை எடுங்கள். இரண்டு பக்கமும் அடையாளம் ஒரே மாதிரி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பழகிவிடும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. டம்ளர் தண்ணீரில் கிடக்கும் பல்செட்டுகளில் பலவற்றை அங்கே அனுப்பியது நோயாளியின் ஈறு அன்று. அவர் கடித்துக் காட்டியபோது நாம் பார்க்காமல் விட்ட ஒரு பல்.